போனது போச்சு என்று தோன்றும் நாள்

இந்த அத்தியாயத்தில் உணவுப் பட்டியல் கிடையாது. என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்பதையெல்லாம் முன்பே பார்த்தாயிற்று. எடையைக் குறைக்கக் கிளம்பியவர்கள் தெரியாமல் தோற்பது அபூர்வம். சர்க்கரையைக் குறைக்க வேண்டும், எண்ணெயைக் குறைக்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒரு கல்யாணத்தோடு எல்லாவற்றையும் கைவிடுகிறோமே, அந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு. எடை குறைப்பதால் வாழ்க்கைக்குக் கிடைக்கிற பாடம் என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் கிடைக்கிறது என்பது என் கட்சி.

பந்தியும் கணக்கும்

வியாழக்கிழமை முகூர்த்தம். மண்டபத்தில் காலை டிபனைச் சமாளித்துவிடுகிறீர்கள்: இரண்டு இட்லி, சாம்பார், சர்க்கரை போடாத காபி. மத்தியானம் பந்தியில் உட்கார்ந்ததும் நிலைமை மாறுகிறது. வாளியோடு வருகிறவர் நின்று கேட்பதில்லை. நீங்கள் இலைக்கு மேல் உள்ளங்கையை விரித்து மறைக்கிறீர்கள். அவர் உங்கள் கைக்கும் இலை விளிம்புக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஒரு கரண்டி சாதத்தைத் தள்ளிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். விழுந்த சாதத்தை ஒதுக்க மனம் வராது. அதற்கு வத்தக்குழம்பு, பிறகு ரசம். பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்வது உங்கள் வீட்டு வழக்கம். ஜாங்கிரி முதலிலேயே இலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுந்திருக்கும்போது உங்கள் கணக்கைத் தாண்டி நன்றாகவே சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இதில் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. கெடுதல் சாயங்காலம்தான் ஆரம்பிக்கிறது. "போனது போச்சு, இனிமே திங்கட்கிழமையிலேருந்து பாத்துக்கலாம்" என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது. அன்று மாலையே காபியோடு பஜ்ஜி. வெள்ளிக்கிழமை, கல்யாண வீட்டில் கொடுத்தனுப்பிய லட்டும் முறுக்கும். சனிக்கிழமை ராத்திரி புரோட்டா, சால்னா. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, அதுவும் நாளைக்குத் தொடங்கப் போகிறோமே என்று கொஞ்சம் தாராளமாகவே. திங்கள் காலை எடை மெஷினில் ஏறினால் இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது. மெஷின் கட்டிலுக்கு அடியில் போகிறது. அந்தத் திங்கட்கிழமை தொடங்குவதே இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அன்றைய பந்தியில் வழக்கத்தைவிட 1,000 கலோரி அதிகம் சாப்பிட்டீர்கள், அத்தனையும் கொழுப்பாகவே மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் கூடியது 130 கிராம். மறுநாள் காலையில் மெஷின் ஒன்றரைக் கிலோ அதிகம் காட்டினால் அதில் பெரும்பகுதி தண்ணீரும், இன்னும் செரித்து முடியாத சாப்பாடும். அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பில் இருந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சாதமும் இனிப்பும் கிளைகோஜன் என்ற சேமிப்பாக ஈரலிலும் தசையிலும் தங்குகின்றன. அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாட்களில் இதெல்லாம் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் எடை இப்படி ஏறி இறங்குவதுண்டு. ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைக்கிறோம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் விற்பதும் இந்தத் தண்ணீரைத்தான்.

ஆக, கல்யாணச் சாப்பாடு ஏற்றியது 130 கிராம். மற்றதெல்லாம் அந்தத் தீர்ப்பு ஏற்றியது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பலவீனம் என்று நினைக்க வேண்டாம். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவியரை ஐஸ்கிரீம் ருசி பார்க்க அழைத்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாத பெண்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். எடைக்குப் பயந்து கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் கதை தலைகீழ். அவர்களில் மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி எதற்குப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம்தான் அப்படிச் சாப்பிட வைத்தது.

அடுத்த வேளை

எனவே விதி ஒன்றே ஒன்று: அதிகம் சாப்பிட்டுவிட்டால், அடுத்த வேளையை வழக்கமான வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ராத்திரி பட்டினி கிடப்பதும், விடியற்காலையில் இரண்டு மடங்கு நடப்பதும், மறுநாள் முழுக்க வெறும் ஜூஸ் குடிப்பதும் பிராயச்சித்தம். பிராயச்சித்தத்தை உடம்பு கேட்கவில்லை. பசி இருந்தால் அன்றிரவு எப்போதும் சாப்பிடுகிற இரண்டு இட்லி, சட்னி. பசியே இல்லை என்றால் ஒரு டம்ளர் மோர். மறுநாள் காலை என்றைக்கும் சாப்பிடுகிற அதே டிபன், அதே நேரத்தில். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாக ஒரு வேளையை விடவே கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும். அது ஜாங்கிரியைவிட ஆபத்து.

பட்டினி ஏன் உதவாது என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். மன உறுதிக்குக் குறைச்சல் இல்லாதவர்கள் என்று அர்த்தம். சில மாதங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சோதனை முடிந்து தடை நீங்கிய பிறகு எவ்வளவு சாப்பிட்டும் திருப்தி வராமல் தவித்தவர்கள் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு அடுக்களை விளக்கைப் போட்டு டப்பாவைத் திறக்கிற உங்களை, பேராசைக்காரர் என்று நீங்களே திட்டிக்கொள்வதற்கு முன் அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசியுங்கள்.

இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லேலியும் அவருடைய குழுவினரும் 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கத்தைத் தினமும் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் யோசிக்காமல் தானாக வருவதற்குச் சிலருக்கு 18 நாள் போதும் என்றும், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. 2009-ல் வெளிவந்த இந்த முடிவில் எல்லோரும் முதல் பாதியை மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிந்தைய பாதிதான் முக்கியம்.

இந்த அடுத்த வேளைப் பழக்கம் கைவந்தவர்களிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். அது சாப்பாட்டோடு நிற்பதில்லை. ஒரு மாதம் கடன் தவணை தவறினால் பாங்கிலிருந்து வரும் மெசேஜையே திறந்து பார்க்காமல் இருந்தவர், திறந்து பார்த்துப் பாதித் தொகையாவது கட்டுகிறார். காலையில் பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டால் ராத்திரி வரைக்கும் அந்த முகத்தையே வைத்துக்கொண்டிருந்த அம்மா, பள்ளி விட்டு வந்ததும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். வேலையில் ஒரு கணக்கு தப்பினால் அதை மூடி மறைக்க மேலும் மூன்று பொய் சொல்லும் பழக்கமும் இதே வகைதான். ஒன்று கெட்டால் எல்லாமே கெட்டது என்று நினைக்கிற புத்தி இலைக்கு முன்னால் அடங்கக் கற்றுக்கொண்டால் மற்ற இடங்களிலும் கொஞ்சம் அடங்குகிறது. எடை குறைவதைவிட இது பெரிய லாபம் என்றே சொல்வேன்.

அத்தை பரிமாறும்போது

நம் வீடுகளில் மறுப்பது ஒரு கலை. கல்யாணப் பந்திக்காரரிடம் கையை விரிக்கலாம். சொந்த அத்தையிடம் முடியாது. அவர் வைப்பது சாதம் மட்டுமில்லையே. வேண்டாம் என்றால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

"என்னடா இப்படி இளைச்சுட்டே? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. சுகரா?"

"சுகர் இல்ல அத்தை. வரக் கூடாதுன்னுதான்."

இந்த ஒரு பதில் போதும். இதற்கு மேல் கலோரி, புரதம், நார்ச்சத்து என்று ஆரம்பித்தால் நீங்கள் அத்தையின் சமையலைக் குறை சொல்கிறீர்கள் என்றுதான் அவர் காதில் விழும். மறுக்கும்போது கூடவே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். "சாதம் போதும் அத்தை. அவியல் பிரமாதம், இன்னும் ரெண்டு கரண்டி வைங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பரிமாறிய திருப்தி. உங்களுக்குக் காய் உள்ளே போகிறது. கூட்டு, பொரியல், சுண்டல், மோர், ரசம் என்று நம் சமையலில் தாராளமாகக் கேட்டு வாங்கக்கூடியவை ஏராளம். எண்ணெய் மிதக்கிற பொரியலாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி.

எதிர்ப்பக்கமும் ஒரு தொல்லை உண்டு. நாலு கிலோ குறைந்ததுமே சிலர் அடுத்தவர் தட்டைப் பார்த்து உபதேசம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். "அதுல எவ்வளவு சர்க்கரை தெரியுமா?" என்று ஜாங்கிரியைக் கடிக்கப் போகிறவரிடம் கேட்பார்கள். இளைத்த உடம்போடு இப்படி ஒரு நாக்கும் வந்து சேர்ந்தால் வீட்டில் யாரும் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

சமைக்கிற பெண்களுக்கு வேறொரு சிக்கல். குழந்தை பாதி தின்று வைத்த தோசை, மாமனார் மிச்சம் வைத்த சாதம், பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டி கூட்டு. வீணாக்கக் கூடாது என்று அத்தனையும் அவர்கள் வயிற்றுக்குப் போகும். அவர்களைக் கேட்டால் "நான் எங்க சாப்பிட்டேன், அடுப்படியில நின்னுக்கிட்டே ரெண்டு வாய்" என்பார்கள். அந்த இரண்டு வாய் மூன்று வேளையும் நடக்கிறது. வீண் போகிறது என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அதைத் தடுக்க வேண்டிய இடம் அரிசி அளக்கும் இடம். தினமும் மீந்தால் நாளைக்கு உலை வைக்கும்போது கால் உழக்கு குறைத்துப் போடுங்கள். குழந்தைக்கு முதலில் அரைத் தோசை வையுங்கள், கேட்டால் மீதியை வைக்கலாம். மீந்துவிட்டால் சாதத்துக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அம்மா தனக்கென்று ஒரு தட்டு போட்டு, உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட ஆரம்பிப்பது எடைக்கு நல்லது. அந்த வீட்டில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளும் அப்போதுதான் பார்க்கிறார்கள்.

நோட்டில் எழுத வேண்டியது

சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னால் யாரும் பத்து நாளைக்கு மேல் எழுத மாட்டார்கள். தவறிய வேளையை மட்டும் எழுதுங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதோடு, அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். யார் மீது தப்பு என்று எழுதாதீர்கள், அது நீங்களாகவே இருந்தாலும்.

ஒரு மாதம் எழுதினால் உங்கள் ஒழுங்கீனத்துக்குள் இருக்கிற ஒழுங்கு தெரியவரும். ஆபீசில் நாலரை மணிக்கு வடை தின்கிற நாட்களைப் பார்த்தால், அன்றெல்லாம் மத்தியானம் டப்பாவில் எலுமிச்சை சாதமும் வற்றலும் மட்டுமே போயிருக்கும். கொஞ்சம் சுண்டலோ ஒரு அவித்த முட்டையோ கூட வைத்த நாட்களில் வடைக்கடை ஞாபகம் வந்திருக்காது. சிலருக்கு மாதக் கடைசி, சிலருக்கு மாமியார் வருகிற வாரம். பலருக்குத் தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. நள்ளிரவு வரை போனில் வீடியோ பார்த்துவிட்டு மறுநாள் பலகாரத்தைக் கண்டு மனம் அலைகிறதே என்று வருந்துகிறவர் முதலில் போனைத்தான் பார்க்க வேண்டும்.

மெஷின் சொல்லாதது

எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, காலைக்கடன் முடிந்ததும், சாப்பிடுவதற்கு முன் ஏறிப் பார்த்தால் போதும். நாலு வாரத்து எண்ணை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் போக்கு புரியும். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

கூடவே ஒரு டெய்லர் டேப் வைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். "நான் இன்னும் 34 சைஸ் பேண்ட்தான்" என்கிற ஆண்கள் தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டிக்கொண்டு சொல்கிறார்கள், அது கணக்கில் சேராது. இந்திய உடம்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. எடை நின்றுபோன மாதங்களிலும் இடுப்பளவு சில சமயம் குறைந்துகொண்டிருக்கும்.

எடை குறையாவிட்டால் முயற்சி வீண் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவில்லை. 2006-ல் வெளியான இந்த முடிவை, மெஷினைப் பார்த்து மனம் உடைகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நடந்த நடை எண்ணில் தெரியாவிட்டாலும் ரத்தத்துக்குத் தெரிந்திருக்கிறது.

குறைத்த எடை திரும்ப வந்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டியை டிவி நிகழ்ச்சியாகவே நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் சோதித்தார். 2016-ல் வந்த அந்த ஆய்வின்படி, சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப வந்திருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கிற ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இழந்ததை மீட்க உடம்பு தன் பங்குக்கு வேலை செய்துகொண்டே இருக்கிறது. எனவே மெதுவாகக் குறைப்பதும், குறைந்த இடத்தில் நிற்பதையே ஒரு வெற்றியாக எடுத்துக்கொள்வதும் புத்திசாலித்தனம். டாக்டர் சொல்லி மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவரைக் குறுக்குவழிக்காரர் என்று ஏளனம் செய்வதையும் விட்டுவிடலாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கனவையும் இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். முழங்கால் வலி குறையும், மாடி ஏறினால் மூச்சு வாங்காது, பீரோவில் மடித்து வைத்த ரவிக்கை சேரும். கணவன் மனைவி சண்டையும் மேலதிகாரியின் சிடுசிடுப்பும் அப்படியேதான் இருக்கும். பத்து கிலோ குறைந்த பிறகும் கண்ணாடியில் பழைய உடம்பையே பார்த்து வெறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஐந்து கிலோ குறைப்பது மருந்தாகாது.

இந்த அத்தியாயத்தில் சொன்ன அடுத்த வேளை விதி எப்போதாவது அதிகம் சாப்பிட்டுவிடுகிறவர்களுக்கானது. வாரத்தில் ஒரு முறையாவது, யாருக்கும் தெரியாமல், வயிறு வலிக்கிற வரைக்கும், நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறீர்கள் என்றாலோ, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறீர்கள் என்றாலோ, இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது குணப்படுத்தக்கூடிய நோய், ஒழுக்கக் குறைவு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.